யூதாசு சவரியின் சுதி

சவரிராயனுக்கு யூதாசு வேஷம் கொடுத்தது அவருடைய குணத்தைப் பார்த்து அல்ல, தொண்டையைப் பார்த்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மாரண்டஹள்ளிப் பக்கம் போய் அவர் பேரைச் சொன்னால், "யாரு, அந்த யூதாசா?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பும் சிரிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களோடு வாய்ச்சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நான் கோவிந்தன். அதியமான்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மாசி பிறந்துவிட்டால் கடையைச் சாத்திவிட்டு ஆர்மோனியப் பெட்டியோடு கிளம்பிவிடுவேன். கூத்தோ நாடகமோ, கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். சூசைக்கொட்டாயில் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முழுக்க ஒத்திகை நடத்தி, அதன் கடைசிப் பெரிய வாரத்தில் ஆடுகிற, இயேசு சிலுவையில் பட்டதைச் சொல்லும் சேசுவின் பாடுகள் நாடகத்துக்கு அறுபத்து நாலாம் வருஷத்திலிருந்து பெட்டி வாசித்தவன் நான்தான். நான் அந்த வேதக்காரன் இல்லை. சாமி வேறாக இருந்தால் என்ன, சுதி ஒன்றுதானே என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன்.

சூசைக்கொட்டாய் மாரண்டஹள்ளியிலிருந்து மூன்று மைல். அறுபது வீடுகள். ராகியும் தக்காளியும் போடுவார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கருக்கு மேல் யாரிடமும் இல்லை. சவரிராயனுக்கு அரை ஏக்கர். மீதி நாளில் மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் லாரிக்குக் கூடை ஏற்றுவார். உயரமான மனுஷர், கொஞ்சம் கூன். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

நாடகம் முழுக்கப் பாட்டு. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்றால் குரல் மேலே எகிற வேண்டும். அதனால் சேசு, மாதா, வானத்துத் தூதரான சம்மனசு எல்லோரும் அஞ்சு கட்டையில் பாடுவார்கள். ஆர்மோனியத்தில் சுதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். கட்டை ஏற ஏறச் சுதி உயரும். சவரிராயனுடையது ஒரு கட்டைக் குரல். ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். அஞ்சு கட்டைச் சுதியில் அவர் மேலே போனால் எட்டாது, கீழே இறங்கினால் முனகலாகிவிடும். அந்த மாதிரித் தொண்டைக்காரர்களுக்கென்று நாடகத்தில் ஒதுக்கிவைத்த வேஷங்கள் உண்டு. யூதாசு, பேய், ஏரோது ராஜாவின் சமையல்காரன், காது அறுபடுகிற வேலைக்காரன், கல்லறைக் காவலாளி. நாடகத்தை நடத்துகிற சவுரியப்பன் வாத்தியார் இந்த ஐந்தையும் சவரிராயனின் பதினெட்டாவது வயதில் அவர் தலையில் கட்டினார். அதற்கப்புறம் பாலக்கோட்டிலிருந்து மைக் செட் வந்தது, கலர் லைட்டு வந்தது, வேஷம் மட்டும் மாறவில்லை. கட்டைக் குரலுக்குப் பரிசுத்தம் ஒட்டாது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது.

ஆனால் அந்த ஐந்தையும் அவர் மாதிரி செய்ய ஆளில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சேசுவைப் பிடிக்க வரும்போது அப்போஸ்தலர் ராயப்பர் வாளை வீசிக் காதை அறுத்ததும் வேலைக்காரன் அலறிக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான் வாத்தியார் எழுதியது. சவரிராயன் ஓட மாட்டார். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, பெண்கள் பக்கம் வந்து, குனிந்து தேடுவார். "ஏனுங்கம்மா, இங்க ஒரு காது வுழுந்துச்சுங்களா? வலது காதுங்க. மண்டியில ரேட்டு கேக்கறதே அந்தக் காதுலதானுங்க" என்பார். அந்தக் குரலில் அதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டியதுதான். மாரண்டஹள்ளியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் பாதிப் பேர் சேசுவைப் பார்க்க வரவில்லை, அந்தக் காதைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

சிரிப்பு ஒரு பக்கம் என்றால் அடி ஒரு பக்கம். யூதாசு தூக்கு மாட்டிக்கொண்டதும் பிள்ளைகள் மண்ணாங்கட்டியால் அடிப்பார்கள். பெரியவர்களும் தடுக்க மாட்டார்கள். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துப் பாதம் கழுவுவார். நாடகத்து அப்போஸ்தலர்கள்தான் உட்கார வேண்டும் என்பது ஊர் வழக்கம். சவரிராயனுக்கு மட்டும் இடமில்லை. அவருக்குப் பதில், கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் உட்காருவார். சேசு யூதாசின் காலையும் கழுவினார் என்று நாடகப் பாட்டிலேயே வருகிறது, நானே அதற்குப் பெட்டி வாசிக்கிறேன். பிறகு ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, "உனக்கு வேதம் தெரியாது, பெட்டிய மட்டும் வாசி" என்றார் உபதேசியார். பெட்டியை மட்டும் வாசித்தேன்.

அவர் மனைவி பாக்கியமேரி கம்பைநல்லூர்க்காரி. பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை அப்போஸ்தலர் வேஷம் கட்டறவருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அது பொய்யும் இல்லை, யூதாசும் பன்னிரண்டு பேரில் ஒருத்தன்தானே. கல்யாணமான முதல் வருஷம் புதுப்பெண் முன்வரிசையில் உட்கார்ந்து, ராயப்பரா, அருளப்பரா, எது தன் புருஷன் என்று தேடியிருக்கிறாள். பணப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் குழாயடியில் பெண்கள் "யூதாசு பொண்டாட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் சண்டை போட்டாள், பிறகு திரும்பிப் பார்த்தாள், கடைசியில் அந்தப் பேரிலேயே தண்ணீர் பிடித்தாள். பிள்ளை குட்டி இல்லை.

எண்பத்தைந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் பாக்கியமேரிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தர்மபுரியில் காட்டினார்கள், பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாசியில் நான் ஒத்திகைக்குப் போனபோது கட்டிலில் கிடந்தாள். வழக்கமாக எனக்கு மத்தியானச் சோறு அந்த வீட்டில்தான். அந்த வருஷம் சவரிராயனே களி கிண்டிப் போட்டார். உருண்டை வாய்க்கு ருசிக்கவில்லை. நான் தலைகுனிந்து விழுங்கிக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து அவள் பேசினாள்.

"பெட்டிக்காரரே, இருவத்திநாலு வருசமா இவரு வாயத் தொறந்தா ஊரு சிரிக்குது. நானுந்தான் சிரிச்சேன். ஒரே ஒரு தடவ இவரு பாடி ஊரு அழுவோணுமுங்க. அதக் கேட்டுட்டுப் போயிட்டா எனக்குப் போதும்."

சவரிராயன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

அந்த வருஷம் அதற்கு ஒரு வழியும் திறந்தது. சேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கியதும், அரிமத்தியா சூசை என்ற பெரியவர் அந்த உடலை மடியில் வாங்கிப் புலம்புகிற பாட்டு ஒன்று உண்டு. பெரிய வெள்ளி மத்தியானம் மூன்று மணிக்கு, வெயிலில், கோயில் முன்னால் ஆடுவார்கள். அதற்கு அழாதவர்கள் கிடையாது. அந்த வேஷம் கட்டிவந்த செபாஸ்டினுக்கு ஓசூர் பேக்டரியில் வேலை கிடைத்து, லீவு கொடுக்கவில்லை. சவரிராயன் சவுரியப்பன் வாத்தியாரிடம் போய் நின்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாய் திறந்து ஒரு வேஷம் கேட்டது அதுதான். வாத்தியார் மோவாயைத் தடவினார். பாக்கியமேரி கிடக்கிற கிடையை நினைத்தாரோ என்னவோ, "செரி, பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் கோயில் பின்பக்கம் புளியமரத்தடியில் அவர் தனியாகப் பாடிப் பார்ப்பதைக் கேட்டேன். பெட்டி கிடையாது, தாளம் கிடையாது. தன் சுதியில், ஒரு கட்டையில் பாடினார். நான் பீடி பற்றவைக்கப் போனவன் தீக்குச்சி விரலைச் சுடும்வரை நின்றுவிட்டேன். அஞ்சு கட்டையில் செபாஸ்டின் பாடும்போது அது நாடகத்துப் பாட்டு. இவர் பாடும்போது, ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கிறான், இன்னொருத்தன் அவனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காது தேடுவதற்கு வாசித்துக்கொண்டிருந்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஒத்திகை. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சவரிராயன் என் பக்கத்தில் வந்து, "பெட்டிக்காரரே, எனக்கு மட்டும் ஒரு கட்டை போட்டுக் குடுங்க" என்றார்.

இனி சொல்லப் போவதை என் மனைவி தீர்த்தம்மாளைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை. எனக்கு ஒரு கட்டையில் வாசிக்கத் தெரியாது. நான் குரு வைத்துக் கற்றவன் அல்ல. கூத்து மேடைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கையைப் பழக்கினவன். மேடையில் எல்லோரும் அஞ்சு கட்டையில் பாடினார்கள். என் விரல்களும் அந்த ஒரு வழியை மட்டும் படித்துக்கொண்டன. அதை வைத்துக்கொண்டு தர்மபுரி ஜில்லா முழுக்க ஆர்மோனிய வித்துவான் என்று பேர் வாங்கிவிட்டேன். ஒரு கட்டையைப் பிடித்து அந்தப் பாட்டின் முதல் வரியைத் தொட்டுப் பார்த்தேன். விரல் வேறெங்கோ போய் விழுந்தது. மறுபடி தொட்டேன், மறுபடியும் தப்பு. துருத்தியைப் படக்கென்று மூடினேன்.

"அது ஆவாதுங்க. இவரு ஒரு அடி பாடுனா மாதா ஒரு அடி பாடோணும். நடுவுல சுதிய மாத்துனா மாதா தடுமாறிடும். நாடகத்துக்குன்னு ஒரு மொறை இருக்குதில்லீங்களா?" என்றேன். குரலில் ஒரு கோபத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

வாத்தியார் நல்ல மனுஷர். "அப்ப சவரி பெட்டி இல்லாம சும்மா பாடட்டுமே" என்றார்.

"பாடட்டுங்க. அப்பறம் மாதாவுக்குச் சுதி எங்கிருந்து வரும்? ஆகாசத்துல இருந்தா? என்னை எதுக்கு அதியமான்கோட்டையில இருந்து வரவழைச்சீங்க?"

வித்துவான் கோபித்துக்கொண்டான் என்று எல்லோரும் அடங்கிவிட்டார்கள். "செரிங்க, அஞ்சு கட்டையிலயே பாடறனுங்க" என்றார் சவரிராயன்.

பெரிய வெள்ளியன்று பாக்கியமேரியைக் கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிவந்து, பெண்கள் பக்கம் புங்கமர நிழலில் வைத்தார்கள். ஒரு தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். முகம் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. தலைவாரிப் பூ வைத்திருந்தாள். பெரிய வெள்ளியில் யாரும் பூ வைக்க மாட்டார்கள். அன்றைக்கு அவளை யாரும் கேட்கவில்லை.

சேசு வேஷம் கட்டிய இன்னாசியைச் சிலுவையிலிருந்து இறக்கிச் சவரிராயன் மடியில் கிடத்தினார்கள். வெள்ளைத் தாடி, நீளமான அங்கி. பார்க்க நன்றாகவே இருந்தார். நான் அஞ்சு கட்டையைப் பிடித்தேன். முதல் அடியைக் கீழ்க்குரலில் எடுத்தார். மைக்கில் உறுமல்தான் வந்தது, ஒரு வார்த்தை விளங்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "சத்தமாப் பாடுங்க" என்றார்கள். அவர் கட்டில் இருக்கிற பக்கம் ஒரு முறை பார்த்தார். அடுத்த அடியை மேலே தூக்கினார். பாதி தூரம் ஏறியது. உச்சியில் குரல் பிளந்து கீச்சென்றது.

ஒரு குழந்தை சிரித்தது. அது குழந்தை. அதற்கப்புறம் ஒரு பொம்பளை சிரித்தாள். அப்புறம் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வாய், "சவரி, காது கெடைச்சுதா?" என்று கத்தியது.

ஊரே சிரித்தது. சாமி செத்துக் கிடக்கிறது, மூன்று மணி வெயில் கொளுத்துகிறது, முந்நூறு பேர் சிரிக்கிறார்கள். அப்போது சவரிராயனின் வலது கை தானாக எழுந்து காதைப் பொத்தியது. அவர் நினைத்துச் செய்யவில்லை என்று நான் எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் பண்ணுவேன். இருபத்தெட்டு வருஷமாகக் கூட்டம் சிரித்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் கூட்டம் புரண்டு சிரித்தது. அவர் மடியில் செத்துக் கிடந்த இன்னாசியின் வயிறு குலுங்குவதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

பாக்கியமேரி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவரும் அதைப் பார்த்தார்.

மாதா வேஷக்காரர் தன் அடியை அஞ்சு கட்டையில் கணீரென்று எடுத்தார். கூட்டம் அடங்கியது, கொஞ்ச நேரத்தில் அழவும் செய்தது. சவரிராயன் தன் முறை வந்தபோதெல்லாம் வாயை அசைத்தார். சத்தம் வரவில்லை. நான் பெட்டியால் அந்த இடங்களை நிரப்பிக்கொண்டு போனேன். நன்றாக வாசித்தேன் என்று பிறகு நாலு பேர் பாராட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் சாமியார் அவரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், "பெரிய வெள்ளியிலயா நையாண்டி? உனக்கு எப்படி மனசு வந்தது?" என்று கேட்டார். சவரிராயன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் அங்கேதான் பெட்டிக்கு உறை போட்டுக்கொண்டு நின்றேன். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். உறையின் நாடாவை முடிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் கல்லறைக் காவலாளியாக வந்தார். தூங்கி விழுந்தார், ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்தார். ஜனம் முன்னெப்போதும் இல்லாத சிரிப்புச் சிரித்தது. எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம் என்று பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

வைகாசி முதல் வாரத்தில் பாக்கியமேரி செத்துப்போனாள். அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைக்குப் போகிற வழியில் உபதேசியார் பாட்டு எடுத்தார், எல்லோரும் பின்பாட்டுப் பாடினார்கள். சவரிராயன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தார். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது அவருக்கு அழுகை வெளியே வரப் பார்த்தது. சட்டென்று துண்டை வாயில் திணித்துக்கொண்டார். அந்த நேரத்திலும் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது.

அதற்கப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். கடையில் வேலை முடிந்ததும் தினமும் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கட்டை பழகினேன். நாற்பத்துநாலு வயதில் விரல் வளைய மாட்டேன் என்றது. தீர்த்தம்மாள், "செத்த எழவுக்கு இப்ப எதுக்கு வாசிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எட்டு மாசம் ஆனது. அந்தப் புலம்பலை ஒரு கட்டையில் முதலிலிருந்து கடைசிவரை தப்பில்லாமல் வாசிக்க வந்தது.

எண்பத்தேழு தை கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூசைக்கொட்டாய்க்குப் போனேன். அந்த வருஷ நாடகத்தில் சவரிராயன் பேர் கொடுக்கவில்லை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். மத்தியான நேரம். தக்காளிக்கு நடுகிற குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தார். "வாங்க பெட்டிக்காரரே" என்று ஒரு சாக்கை விரித்தார். நான் பெட்டியைத் திறந்து ஒரு கட்டையைப் பிடித்து வாசித்தேன். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"இப்ப வருதுங்களே" என்றார்.

"அப்ப வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா, சவரிண்ணா?"

"ஒத்திகையிலயே தெரியுங்க. தொட்டுத் தொட்டுக் கையை எடுத்தீங்களே."

"அங்கியே சொல்லியிருக்கலாமில்ல? வாத்தியாரு பெட்டி இல்லாமயே பாட உட்டிருப்பாரே!"

"பத்துப் பேரு இருந்தாங்களேங்க." குச்சியை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தார். "அத்தனை பேரு முன்னாடி உங்களுக்குத் தெரியாதுன்னு எப்பிடிங்க சொல்றது? அப்பறம் பெட்டி தொடறப்பெல்லாம் சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வாங்கிப் பழக்கம். உங்களுக்குப் பழக்கமில்லீங்க."

நான் அழுதேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பெரிய வெள்ளியன்று நடந்ததைப் பற்றிப் பாக்கியமேரி என்ன சொன்னாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்ணும் சொல்லலீங்க. கடேசி வாரம் ஒரே ஒரு தடவ கேட்டா. எனக்காவக்கூட உனக்கு அழுவத் தெரியலியான்னு. வேணும்னே சிரிக்க வெச்சேன்னு நெனச்சுக்கிட்டா. சுதி, கட்டைன்னு அவளுக்கு என்னத்தைச் சொல்றதுங்க."

"இப்ப ஒரு தடவ பாடுங்கண்ணா. நான் வாசிக்கிறேன்."

"வேண்டாமுங்க. கேக்கோணும்னவ போயிட்டா."

பெட்டியை மூடி உறை போட்டேன். நாடாவில் நான் போட்ட முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அவரே முடிந்துவிட்டார். நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி, பெட்டியைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். என்னைச் சுமக்கவிட வேண்டாம் என்று நினைத்திருப்பார். நானும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. பஸ் நிற்கிற இடம்வரை அவர் பின்னாலேயே சும்மா கையை வீசிக்கொண்டு போனேன்.